பர்தாவுக்கு இப்பாலும் அப்பாலும்: பாரிஸ்டர் கொர்னீலியா சொராப்ஜி

பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளத்தில், ஏராளமான நிலபுலன்களுக்குச் சொந்தக்காரியான ஒரு பெண் அந்த நிலங்களை ஒருபோதும் தன் கண்ணால் காணாமலே வாழ்ந்து மடிவது சர்வசாதாரணம். கணவன் இறந்துவிட்டால் எஸ்டேட்டின் கணக்குவழக்குகள் திவானின் கைக்குப் போகும். அவர் நீட்டும் பத்திரத்தில், அது இன்னதென்று அறியாமலே, திரைக்குப் பின்னாலிருந்து அவள் கைநாட்டு வைப்பாள். பின்னொரு நாளில் அந்தப் பத்திரம் அவளையே வீதிக்குக் கொண்டுவரும். அவள் யாரிடம் போய் முறையிடுவாள்? வக்கீல் ஆண், நீதவான் ஆண், கலெக்டர் ஆண், கோட்டில் மொழிபெயர்ப்பவனும் ஆண். அந்நிய ஆடவர் எவரும் அவளைப் பார்க்கவோ, அவளுடன் நேருக்கு நேர் பேசவோ கூடாது என்பது குடும்பத்தின் கட்டுப்பாடு.

இத்தகைய பெண்களைச் சட்டம் ‘பர்தாநஷீன்’ என்று அழைத்தது. பர்தாவுக்குள் அமர்ந்திருப்பவள் என்பது இதன் பொருள். இவர்களுள் முஸ்லிம் பெண்களும் இருந்தனர், உயர்குல இந்துப் பெண்களும் இருந்தனர். இவ்விரு சாராரின் குரலையும் நீதிமன்றத்தின் காதுகளுக்குக் கொண்டுசேர்ப்பதற்கென்றே தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் கொர்னீலியா சொராப்ஜி. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்ற முதற் பெண் அவரே. பிறப்பால் அவர் முஸ்லிமுமல்லர், இந்துவுமல்லர். எந்தத் திரைக்கும் உட்படாமல் வளர்ந்த ஒருவர், திரைக்குள் இருந்தோருக்காகச் சட்டம் கற்கப் புறப்பட்டமை நாம் ஊன்றி நோக்க வேண்டிய ஒன்றாகும்.

பிறப்பும் கல்வியும்

கொர்னீலியா 1866ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் திகதி நாசிக்கில் பிறந்தார். தந்தையார் சொராப்ஜி கர்சேட்ஜி பார்ஸி சமூகத்தில் பிறந்து, கிறிஸ்தவ மதத்தைத் தழுவி, அம்மதத்தின் போதகராக விளங்கியவர். தாயார் பிரான்ஸினா ஆங்கிலேயத் தம்பதியினரால் சுவீகரித்து வளர்க்கப்பட்டவர். பூனாவில் பாடசாலை நிறுவி நடத்திய அவர் பெண்கல்வியில் பெரும் ஈடுபாடு கொண்டிருந்தார். அந்த வீட்டில் பெண் பிள்ளைகள் படிப்பது விவாதத்துக்குரிய விடயமாகவே இருக்கவில்லை. கொர்னீலியாவின் சகோதரிகளுள் சூஸி கல்விப்பணியில் பெயர் பெற்றார். அலிஸ் மருத்துவரானார்.

பூனா டெக்கான் கல்லூரியில் ஆண் மாணவர்களுக்கு மத்தியில் கற்ற கொர்னீலியா, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதற் பெண் பட்டதாரியானார். பெற்றது முதலாம் வகுப்புச் சித்தி. மிகச் சிறப்பாகத் தேறியோர் இங்கிலாந்து சென்று மேற்படிப்பைத் தொடர்வதற்கென அரசாங்கம் ஒரு புலமைப்பரிசில் வழங்கிவந்தது. பெறுபேற்றின்படி அது அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் அவர் பெண் என்ற ஒரே காரணத்துக்காக அது மறுக்கப்பட்டது.

அவர் சோர்ந்துவிடவில்லை. அஹ்மதாபாத்திலுள்ள குஜராத் கல்லூரியில் சிறிது காலம் ஆண் மாணவர்களுக்கு ஆங்கில இலக்கியம் கற்பித்தார். அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி இங்கிலாந்துவரை எட்டியது. ஹொப்ஹவுஸ் சீமாட்டி ‘டைம்ஸ்’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதி அவருடைய கல்விக்காக நிதி திரட்டினார். உதவியோருள் புளோரன்ஸ் நைட்டிங்கேலும் ஒருவர். 1889இல் கொர்னீலியா ஒக்ஸ்போர்டிலுள்ள சமர்வில் மண்டபத்தில் மாணவியாகச் சேர்ந்தார்.

அங்கு அவருக்குக் கிடைத்த பெரும் துணை பேலியல் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவெட். ஓல் சோல்ஸ் கல்லூரியின் கொட்ரிங்டன் நூலகக் கதவுகளும் அவருக்குத் திறக்கப்பட்டன. இருப்பினும் சிவில் சட்டப் பட்டப் பரீட்சை நெருங்கியபோது பிரச்சினை தலைதூக்கியது. பெண்ணொருத்தி ஆண்களோடு சமமாக அமர்ந்து சட்டப் பரீட்சை எழுதலாமா? ஈற்றில் பல்கலைக்கழகம் விசேட தீர்மானமொன்றை நிறைவேற்றி அனுமதி வழங்கியது. 1892இல் அவர் அப்பரீட்சையை எழுதிச் சித்தியடைந்தார். அப்பரீட்சை எழுதிய முதற் பெண் அவரே.

ஆயினும் பரீட்சையில் சித்தி கிடைத்ததே தவிர, பட்டம் கிடைக்கவில்லை. பெண்களுக்குப் பட்டம் வழங்க ஒக்ஸ்போர்ட் 1920வரை இணங்கவில்லை. 1892இல் சித்தியடைந்த பரீட்சைக்குரிய பட்டத்தை கொர்னீலியா 1922இல்தான் பெற்றுக்கொண்டார். இடையில் கழிந்தவை முப்பது ஆண்டுகள்.

தகுதி உண்டு, அனுமதி இல்லை

லண்டனில் லிங்கன்ஸ் இன் பகுதியிலிருந்த சொலிசிட்டர் நிறுவனமொன்றில் சில காலம் பயிற்சி பெற்றபின், 1893இல் அவர் இந்தியா திரும்பினார். சட்டம் தெரிந்த பெண் என்ற பெயர் பரவியிருந்ததால் வழக்குகள் அவரைத் தேடி வந்தன. ஆனால் பிரித்தானிய இந்தியாவின் நீதிமன்றங்களில் சட்டத்தரணியாகப் பதிவுசெய்துகொள்ள அவருக்கு வழியிருக்கவில்லை.

1896இல் பூனாவில், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட பெண்ணொருத்திக்காக அவர் நீதிமன்றத்தில் தோன்றினார். நீதிமன்றத்தின் அனுமதியுடன் வேறொருவர் எதிரிக்காகப் பேசலாம் என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் ஏற்பாடு அதற்குக் கைகொடுத்தது. வாசற்கதவு அடைபட்டிருக்கையில் யன்னல் வழியாக நுழைந்ததற்கு ஒப்பான காரியம் இது.

சுதேச சமஸ்தானங்களில் நிலைமை சற்று வேறானது. அங்கு மன்னர் அனுமதித்தால் வாதாடலாம். அவ்வனுபவங்களுள் ஒன்றை அவர் தமது சுயசரிதையான ‘இந்தியா கோலிங்’ நூலில் சுவைபடப் பதிந்துள்ளார். வழக்காளி ஒரு யானை. அதன் பராமரிப்புக்காக முன்னைய மன்னர் எழுதிக்கொடுத்திருந்த வாழைத்தோட்டத்தைப் புதிய மன்னர் பறித்துக்கொண்டார். யானையின் சார்பில் கொர்னீலியா ஆஜரானார். வேடிக்கை என்னவென்றால், தோட்டத்தைப் பறித்தவரே வழக்கின் நீதிபதியும் ஆவார்! ஆவணங்களையும் சட்ட நியாயங்களையும் தயார்செய்துகொண்டு சென்றவர் வாயைத் திறப்பதற்குள்ளாகவே, தம்முடைய நாய்க்கு இப்பெண்ணைப் பிடித்துவிட்டது என்று கூறி மன்னர் வழக்கை அவர் பக்கம் தீர்த்துவிட்டார். வழக்கில் வென்றும் வாதம் கேட்கப்படவில்லை. சட்டத்தில் தோய்ந்த ஒருவருக்கு இதைவிடப் பெரிய ஏமாற்றம் வேறென்ன இருக்க முடியும்?

ஒக்ஸ்போர்ட் பரீட்சை போதாதென்றால் இந்தியப் பரீட்சையையும் எழுதிவிடலாம் என்று அவர் எண்ணினார். 1897இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் சட்டமாணிப் பரீட்சையிலும், பின்னர் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் வக்கீல் பரீட்சையிலும் தேறினார். பரீட்சை எழுத அனுமதித்தவர்கள், தேறிய பின்னர் தொழில்புரிய அனுமதிக்கவில்லை. ஒரு தகுதியைக் கேட்டு, அதை அவர் பெற்றபின் இன்னொரு காரணத்தைக் கண்டுபிடிப்பது அன்றைய நிர்வாகத்தின் வாடிக்கையாயிற்று.

திரைக்குப் பின்னால் இருந்த சொத்து

இங்கு சற்று நின்று, அவர் யாருக்காகப் போராடினாரோ அப்பெண்களின் சட்ட நிலையை நோக்குவது பொருத்தமாகும்.

முஸ்லிம் பெண்ணுக்கு வாரிசுப் பங்கு உண்டு. மஹர் அவளுக்கே உரியது. திருமணத்தால் அவளுடைய சொத்து கணவனுடையதாகிவிடுவதில்லை. ஆங்கிலேயப் பெண்ணுக்கு இவ்வுரிமை 1870இலும் 1882இலும் நிறைவேறிய மணமான பெண்களின் ஆதனச் சட்டங்களால்தான் படிப்படியாக வந்துசேர்ந்தது. அவ்வகையில் ஷரீஅத் வழங்கிய உரிமை பல நூற்றாண்டுகள் முந்தியது. இதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். சொல்லிக்கொள்ள நியாயமும் உண்டு. ஆனால் கிதாபில் உள்ள உரிமை கைக்கு வந்து சேர்ந்ததா என்பது வேறு கேள்வி.

1867இல் பிரித்தானியக் கோமறைக் கழகம்வரை சென்ற வழக்கொன்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. செல்வந்தப் பெண்ணான ஷம்ஸுன்னிஸா பேகம் தமது கணவர் முன்ஷி புஸ்லூர் ரஹீமுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு அது. தம்மிடமிருந்த அரசாங்கக் கடன் பத்திரங்களைக் கணவர் தமதாக்கிக்கொண்டார் என்பது பேகத்தின் முறைப்பாடு. அவற்றைத் தாம் விலைகொடுத்து வாங்கியதாகக் கணவர் வாதிட்டார். பர்தாவுக்குள் வாழும் பெண்ணுடன் இத்தகைய கொடுக்கல் வாங்கல் செய்தவரே அது நேர்மையானது என்பதை நிரூபிக்க வேண்டும் என்று கழகம் தீர்ப்பளித்தது. நிரூபிக்கும் பொறுப்பு பலவீனமானவளின் தோளிலிருந்து பலமானவனின் தோளுக்கு மாற்றப்பட்டது. இந்தியச் சட்ட வரலாற்றில் இது முக்கியமானதொரு திருப்பம்.

நல்ல சட்டம்தான். எனினும் அச்சட்டத்தை நாடி லண்டன்வரை வழக்காட ஷம்ஸுன்னிஸாவுக்குச் செல்வம் இருந்தது, துணிவும் இருந்தது. ஏனைய ஆயிரமாயிரம் பெண்களுக்கு வீட்டு முற்றத்தைத் தாண்டவே வழியில்லை. சட்டத்தின் பாதுகாப்பு ஒரு பக்கமும் அதற்குரியவள் மறுபக்கமுமாக நின்றனர். நடுவில் இருந்தது திரை. அத்திரையைத் தாண்டிச் செல்லவல்ல சட்டம் தெரிந்த ஒருவர் வேண்டும். அவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். கொர்னீலியாவின் வாதத்தின் சாரம் இதுவே.

கோர்ட் ஒப் வோர்ட்ஸ்

இந்த வாதத்தை அவர் 1902இல் ‘டைம்ஸ்’ பத்திரிகையில் எழுதினார். இந்திய அலுவலகத்தையும் விடாது வற்புறுத்தினார். ஜமீன்தார் ஒருவர் இறந்து, வாரிசு சிறுபிள்ளையாகவோ நிர்வகிக்க இயலாத பெண்ணாகவோ இருந்தால், அந்த எஸ்டேட்டை அரசாங்கத்தின் ‘கோர்ட் ஒப் வோர்ட்ஸ்’ பொறுப்பேற்கும். குத்தகை அறவிடுதல், கடன் அடைத்தல், விதவைகளுக்கு ஜீவனாம்சம் வழங்குதல், பிள்ளைகளின் கல்வி என எல்லாம் அதன் கையில் இருந்தன. ஆனால் யாருடைய நலனுக்காக இவையெல்லாம் நடந்தனவோ, அப்பெண்களை அதன் அதிகாரிகள் ஒருமுறையேனும் சந்திக்க முடியாது. திரைக்குப் பின்னால் பேசுவது எஸ்டேட்டின் பேகமா, ராணியா, அல்லது திவான் ஏற்பாடு செய்த வேறொருத்தியா என்பதைக்கூட உறுதிப்படுத்த இயலாத நிலை.

1904இல் வங்காளக் கோர்ட் ஒப் வோர்ட்ஸின் பெண் உதவியாளராக கொர்னீலியா நியமிக்கப்பட்டார். சில ஆண்டுகளுள் வங்காளம், பீகார், ஒரிஸ்ஸா, அஸ்ஸாம் ஆகியவை முழுவதும் அவருடைய வேலைப் பரப்பாயின. புகைவண்டியிலும், படகிலும், பல்லக்கிலும், சில வேளைகளில் யானை மீதும் பயணம் செய்து அவர் ஸெனானாக்களைச் சென்றடைந்தார். சுமார் இரண்டு தசாப்தங்களில் ஏறத்தாழ 600 பெண்களுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் அவர் உதவியதாகக் கணிக்கப்படுகிறது.

அவர் செய்த வேலையைச் சட்ட ஆலோசனை என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட முடியாது. விதவைக்கும் மைத்துனனுக்கும் இடையிலான பாகப்பிரிவினையைத் தீர்த்துவைப்பார். இள வாரிசின் உயிருக்கு உறவினரால் ஆபத்து என்ற முறைப்பாட்டை விசாரிப்பார். பிள்ளைகளுக்கு ஆசிரியர் தேடுவார். நோயாளிக்கு வைத்தியரை அழைப்பார். அப்பெண்களுடைய மார்க்க அனுஷ்டானங்களையோ விரதங்களையோ அவர் இழித்துரைக்கவில்லை. அவற்றை மதித்தே பேசினார். பர்தாவை ஓர் ஆணையால் கிழித்தெறிய முடியும் என்றும் அவர் நம்பவில்லை. மாற்றம் வருமாயின் அது உள்ளிருந்து, அப்பெண்களின் சம்மதத்தோடு, கல்வியின் மூலம் மெல்ல வரவேண்டும் என்பதே அவருடைய நிலைப்பாடு.

இதே கல்கத்தாவில் அக்காலத்தில் வாழ்ந்தவர் ரொக்கையா சகாவத் ஹுஸைன். பர்தாவுக்குள் பிறந்து வளர்ந்த முஸ்லிம் எழுத்தாளர் அவர். அவருடைய ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஆங்கிலச் சஞ்சிகையொன்றில் பிரசுரமானது. பெண்கள் வெளியே உலவ ஆண்கள் உள்ளே அடைபட்டிருக்கும் ஒரு நாட்டை அதில் அவர் கற்பனை செய்தார். 1911முதல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கான பாடசாலையையும் நடத்தினார். வெளியிலிருந்து உள்ளே சென்ற கொர்னீலியா பர்தாவை அனுதாபத்துடன் நோக்க, உள்ளிருந்து எழுதிய ரொக்கையா அதன் மிகைகளைக் கேலிசெய்தார். திரையின் பாரத்தைச் சுமந்தவருக்கு அதை நகையாடும் உரிமை இருந்தது. விருந்தாளியாகச் சென்றவருக்கு மரியாதை காப்பது கடமையாயிற்று. இவ்விருவரையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் அக்காலத்தின் முழுச் சித்திரம் கிடைக்கிறது.

கதவு திறந்தபோது

நீதிமன்றக் கதவுகளைத் தட்டியவர் கொர்னீலியா மட்டுமல்லர். 1916இல் ரெஜினா குஹா என்ற சட்டப் பட்டதாரி கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் விண்ணப்பித்தார். 1879ஆம் ஆண்டின் சட்டத்தொழிலாளர் சட்டம் பெண்களைக் கருத்திற்கொண்டு ஆக்கப்படவில்லை என்று கூறி அது நிராகரிக்கப்பட்டது. 1921இல் சுதான்சுபாலா ஹஸ்ராவின் விண்ணப்பத்தைப் பட்னா உயர் நீதிமன்றமும் ஏற்கவில்லை. ஆனால் அதே 1921இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் கொர்னீலியாவை வக்கீலாகப் பதிவுசெய்தது. ஈற்றில் 1923இல் இயற்றப்பட்ட பெண் சட்டத்தொழிலாளர் சட்டம், பெண் என்ற காரணத்துக்காக ஒருவரை விலக்கக் கூடாது என்று தெளிவாக விதித்தது.

இங்கிலாந்தில் இத்தடை 1919ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியிருந்தது. 1923இல் லிங்கன்ஸ் இன் கொர்னீலியாவைப் பாரிஸ்டராக ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டின் தொடக்கத்தில் அதே லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டரான மித்தான் டாட்டாவும் பார்ஸிப் பெண்மணியே. இந்தியப் பெண்களுள் பாரிஸ்டர் பட்டம் முதலில் பெற்றவர் என்ற பெருமை அவருக்குரியது. அவருக்கு அப்போது இருபத்துநான்கு வயது, கொர்னீலியாவுக்கு ஐம்பத்தாறு. பாதையை வெட்டியவர் பின்னே வர, வெட்டிய பாதையில் இளையவர் முன்னே நடந்தார்.

பிற்காலத்தில் இலங்கையின் பெண்களும் இதே லண்டன் பாதையில் நடந்தனர். 1913இல் கொழும்பில் ஒரு பார்ஸிக் குடும்பத்தில் பிறந்த அவாபாய் மேத்தா லண்டனில் பாரிஸ்டர் பரீட்சையில் தேறி, கொழும்பில் சிறிது காலம் தொழில்புரிந்தார். பின்னர் அவாபாய் வாடியா என்ற பெயரில் பம்பாயில் சமூகப்பணியில் புகழடைந்தார்.

கொர்னீலியா 1924இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் தொழிலைத் தொடங்கினார். சட்டம் திறந்துவிட்ட கதவை வழக்கம் பாதி மூடியே வைத்திருந்தது. பெண் பாரிஸ்டரை நம்பி வழக்கை ஒப்படைக்கப் பலர் தயங்கினர். எழுத்தில் சட்ட அபிப்பிராயம் வழங்கும் வேலையே பெரும்பாலும் அவருக்குக் கிடைத்தது. மன்றில் எழுந்து நின்று வாதாடும் வாய்ப்புகள் அரிதாயின. 1929இல் ஓய்வுபெற்று லண்டனில் குடியேறினார்.

முரண்களும் மதிப்பீடும்

கொர்னீலியாவின் பெயர் தேசிய வரலாற்றில் நீண்ட காலம் பின்தள்ளப்பட்டிருந்ததற்குக் காரணம் உண்டு. அவர் பிரித்தானிய ஆட்சியை ஆதரித்தவர், காந்தியையும் காங்கிரஸையும் எதிர்த்தவர். 1927இல் கெதரின் மேயோ இந்தியச் சமூகத்தை இழிவுபடுத்தி ‘மதர் இந்தியா’ என்ற நூலை வெளியிட்டபோது நாடே கொதித்தெழுந்தது. கொர்னீலியாவோ அந்நூலுக்கு ஆதரவாகப் பேசினார். அதன் விளைவாக நண்பர்களை இழந்தார். பல்லாண்டு முயன்று கட்டியெழுப்பிய சமூகசேவை முயற்சிகளும் பாதிப்படைந்தன.

இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. தமக்குப் புலமைப்பரிசிலை மறுத்ததும் அந்த ஆட்சிதான். பரீட்சையில் தேறிய பின்னும் தொழிலை மறுத்தவையும் அந்த ஆட்சியின் நீதிமன்றங்கள்தாம். அத்தகைய ஆட்சியை அவர் ஏன் இவ்வளவு நம்பினார்? ஸெனானாவில் தாம் கண்ட பெண்களுக்குத் துணையாக அவரால் அழைத்துச் செல்ல முடிந்தது அரசாங்கத்தின் அதிகாரத்தை மட்டுமே. அவ்வதிகாரம் போய்விட்டால் அப்பெண்கள் மீண்டும் திவான்களிடமும் மைத்துனர்களிடமும் அகப்பட்டுவிடுவர் என அவர் அஞ்சியிருக்கலாம். அந்த அச்சத்தைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் மக்களின் விடுதலை வேட்கையை அவர் அளந்த அளவுகோல் பிழையானது என்பதையும் சொல்லியாக வேண்டும். விடுதலை இயக்கம் பெண்களை வீதிக்கும் மேடைக்கும் கொண்டுவந்த வேகத்தை அவருடைய மெதுவான வழிமுறையால் எட்ட முடியவில்லை.

எழுத்தாளராகவும் அவர் குறிப்பிடத்தக்கவர். 1901இல் வெளியான சிறுகதைத் தொகுதி தொடக்கம், 1917இல் வந்த ‘த பர்தாநஷீன்’, 1934இல் வந்த சுயசரிதை, 1936இல் வந்த ‘இந்தியா ரீகோல்ட்’ வரை அவருடைய நூல்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. வரலாற்றில் பெயர் பதியப்படாத பெண்கள் பலர் அவற்றில் உயிருடன் நடமாடுகின்றனர். ஆங்கில வாசகருக்காக எழுதப்பட்டதால் சில இடங்களில் வியப்பூட்டும் நோக்கு மேலோங்கி நிற்கிறது. அக்குறையைத் தள்ளிவைத்துப் பார்த்தால், வங்காளத்து ஸெனானாக்களின் உள்வாழ்வை அறிய இவை இன்றும் பயன்தரும் ஆவணங்களே.

இறுதிக் காலத்தில் பார்வை மங்கியது. 1954ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் திகதி லண்டனில் காலமானார். 2012இல் லிங்கன்ஸ் இன்னில் அவருடைய மார்பளவுச் சிலை திறந்துவைக்கப்பட்டது.

சிலைகள் பற்றி நாம் அதிகம் பேசத் தேவையில்லை. அவருடைய வாழ்விலிருந்து நமது சமூகம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. பெண்ணுக்கு மார்க்கம் தந்த உரிமைகளை மேடைதோறும் எடுத்துரைக்கும் நாம், அவ்வுரிமை மறுக்கப்பட்ட பெண் யாரிடம் சென்று, எந்த மொழியில், எவ்வளவு அச்சமின்றித் தன் வழக்கைச் சொல்ல முடிகிறது என்பதையும் கேட்டுப்பார்க்க வேண்டும். கைநாட்டு வைக்குமுன் அந்தப் பத்திரத்தை அவளுக்கு வாசித்துக்காட்ட ஓர் ஆள் இருக்கிறதா? கொர்னீலியா சொராப்ஜி தம்முடைய முப்பதாண்டு உழைப்பை இந்தச் சிறிய கேள்விக்காகவே செலவிட்டார்.